‘கொலை தவறு’ என்பது உண்மையா? ஆக்ஸ்போர்டில் நடந்த விவாதம்

1936இல் ஏ. ஜே. அயர் என்ற 25 வயது இளைஞர் ‘மொழி, உண்மை, தர்க்கம்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். வியன்னாவில் தங்கி அங்கிருந்த தத்துவ அறிஞர்களிடம் கற்றதை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்திருந்தார். தர்க்கமும் கணிதமும் போக, அனுபவத்தில் சோதிக்க வழியுள்ள வாக்கியத்துக்கே பொருள் உண்டு என்றார். அப்படியானால் ‘திருடுவது தவறு’ என்பது? திருட்டைக் கண்டு முகம் சுளிப்பது போன்ற உணர்ச்சி வெளிப்பாடு. அதில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. ஆக்ஸ்போர்டின் இளைய தலைமுறையை இந்த வாதம் பற்றிக்கொண்டது.

பிறகு போர் வந்தது.

1945இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற இளம் தத்துவ அறிஞர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிய வேளையில் நாஜி வதைமுகாம்களின் செய்திகள் வந்து சேர்ந்தன. ‘எனக்கு அருவருப்பு, நாஜிக்கு விருப்பம், அவ்வளவுதான்’ என்று விட்டுவிட அவரால் முடியவில்லை. அவர்கள் செய்தது தவறு என்பது உண்மை என நிறுவுவதே அவரது வாழ்நாள் வேலையாயிற்று.

மற்றொரு தத்துவ அறிஞரான ஆர். எம். ஹேரும் அப்போதுதான் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சயாம்–பர்மா ரயில் பாதையில் உழைத்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதை. கொடுமையை உடம்பால் அறிந்த அவர் வேறு முடிவுக்கு வந்தார். 1952இல் வந்த அவரது நூலின்படி, அறக்கூற்றின் முதன்மை வேலை தகவல் தருவதல்ல. சொல்பவர் உட்பட எல்லோருக்கும் பொருந்தும்படி ஒரு நடத்தையை விதிப்பது.

1956இல் விவாதம் வகுப்பறையைத் தாண்டியது. ஜப்பான் மீது அணுகுண்டு வீசச் செய்த முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முனைந்தது. அப்பாவிகளைத் தெரிந்தே கொல்வது கொலைதான் என்று ஃபுட்டின் தோழி எலிசபெத் ஆன்ஸ்கம் எழுந்து எதிர்த்தார். அவரை ஆதரித்தவர்கள் மிகச் சிலர், பட்டம் வழங்கப்பட்டது.

ஹேரின் கருத்துக்கு ஃபுட் 1958இல் பதில் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கைகளைக் கோத்துக்கொள்வது நல்ல செயல் என்று ஒருவர் விதித்துவிட முடியுமா? அதனால் யாருக்கு என்ன நன்மை என்று காட்டாதவரை அவர் சொல்வது நமக்குப் புரியவே புரியாது. மனிதருக்கு எது நன்மை, எது தீங்கு என்பதோ நம் இஷ்டப்படி மாறுவதில்லை.

இந்த இழையைப் பிடித்தே 80 வயதில், 2001இல், ‘இயல்பான நன்மை’ என்ற நூலை அவர் எழுதினார். ஓக் மரத்துக்கு ஆழமான வேர் எப்படியோ, மனிதருக்கு நீதியுணர்வு அப்படி என்பது அவர் வாதம். விவாதம் அத்துடன் முடியவில்லை. 2020இல் தத்துவ ஆய்வாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 62 சதவீதத்தினர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கம் சாய்ந்தனர். சுமார் 26 சதவீதத்தினர் இல்லை என்ற பக்கம்.