நரம்பியல் பிணையவழிப் படச் சுருக்கத்தின் வரலாறு

நரம்பியல் பிணையவழிப் படச் சுருக்கம் என்பது எண்ணிமப் படம் ஒன்றைக் குறைந்த இடத்தில் சேமிப்பதற்கான விதிகளை மனிதர் வகுத்துத் தராமல், ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியையே கற்றுக்கொள்ளச் செய்யும் முறையாகும். 1980களில் சிறிய ஆய்வுக்கூடச் சோதனையாகத் தொடங்கிய இம்முறை, 2025 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்படும் நிலையை எட்டியது.

சுருக்கத்தின் தேவை

எண்ணிமப் படம் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க வழக்கமாக 3 பைட்டுகள் தேவைப்படும். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு கைப்பேசிப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் அதற்கு 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் வேண்டும். ஆகவே சுருக்காமல் படங்களைச் சேமிப்பதும் அனுப்புவதும் எளிதன்று.

சுருக்கம் இருவகைப்படும். இழப்பற்ற சுருக்கத்தில் மூலப்படம் அப்படியே திரும்பக் கிடைக்கும். இழப்புள்ள சுருக்கத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பகுதிகள் விடப்படும். எவ்வளவு இழப்பை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்பதற்கான கணிதக் கோட்பாட்டைக் கிளாட் சானன் 1948, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் வகுத்தார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே அன்று முதல் இத்துறையின் அடிப்படை வினாவாக இருந்து வருகிறது.

கோசைன் உருமாற்றமும் ஜேபெக் தரமும்

இவ்வினாவுக்கு நெடுங்காலம் நிலைத்த விடையை அளித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆவார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், கோசைன் சார்புகளைக் கொண்டு படத்தரவைச் சுருக்கும் ஆய்வுக்காக 1972 இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கோரினார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. கருத்து மிகவும் எளிமையானது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் எண்ணமாக இருந்ததாக அகமது பிற்காலத்தில் எழுதியுள்ளார். நிதி கிடைக்காத நிலையிலும் அவர் தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் ஆய்வைத் தொடர்ந்தார். தனித்த கோசைன் உருமாற்றம் பற்றிய அவர்களது கட்டுரை 1974 சனவரியில் வெளிவந்தது.

1986 இல் அமைக்கப்பட்ட ஜேபெக் குழு இவ்வுருமாற்றத்தையே தன் தரத்தின் அடித்தளமாகக் கொண்டது. 1992 இல் அத்தரம் ஏற்கப்பட்டது. இம்முறையில் படம் 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்கள், மெதுவாக மாறும் சாயல்களையும் விரைவாக மாறும் நுணுக்கங்களையும் குறிக்கும் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. பிறகு அவை தோராயமாக்கப்படும்போது நுணுக்கங்களைக் குறிக்கும் எண்களில் பல சுழியமாகிவிடும். மிகுதியாகச் சுருக்கினால் படத்தில் சதுரக் கட்டங்கள் தெரிவதற்கு இப்பிரிப்பே காரணம். பூவாயினும் முகமாயினும் உருமாற்றம் ஒன்றே; படத்துக்கேற்ப அது மாறுவதில்லை.

முதல் முயற்சிகள்

உருமாற்றத்தையே கணினி கற்றுக்கொள்ளுமா என்ற வினா 1980களில் எழுந்தது. பின்பரவல் முறையால் பல அடுக்குப் பிணையங்களைப் பயிற்றுவிக்க முடியும் என ரூமல்கார்ட், இன்டன், வில்லியம்சு ஆகியோர் 1986 இல் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டே காட்ரெல், மன்றோ, சிப்சர் ஆகிய மூவரும் அதனைப் படங்களில் பயன்படுத்தினர். அவர்களது பிணையத்தில் 64 உள்ளீடுகளும், நடுவில் 16 அலகுகளும், 64 வெளியீடுகளும் இருந்தன. 8×8 கட்டம் ஒன்றை உள்ளே கொடுத்தால் அதே கட்டம் வெளியே வர வேண்டும். ஆனால் இடையிலுள்ள 16 அலகுகளின் வழியாகவே அது செல்ல வேண்டும்.

ஒரு மாணவர் பாடத்தைச் சில வரிகளில் குறித்துக்கொண்டு, பின்னர் குறிப்பை மட்டும் பார்த்து முழுப் பாடத்தையும் சொல்லிப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். சொல்லும்போது நேரும் பிழைகளைக் கொண்டு, குறிப்பெடுக்கும் முறையையே அவர் திருத்திக்கொள்கிறார். இவ்வகைப் பிணையம் தன்குறியாக்கி எனப்படுகிறது.

எனினும் 1989 இல் பால்டி, ஆர்னிக் ஆகியோர் ஒரு வரம்பைச் சுட்டினர். நேரியல் அலகுகளால் மட்டும் ஆன தன்குறியாக்கி, புள்ளியியலில் ஏற்கெனவே அறியப்பட்ட முதன்மைக் கூறு பகுப்பாய்வை விஞ்ச முடியாது என்று அவர்கள் நிறுவினர். நேரியலற்ற, ஆழமான பிணையங்கள் தேவைப்பட்டன. அவற்றைப் பயிற்றுவிப்பதோ அப்போது கடினமாக இருந்தது. 2006 இல் இன்டன், சலகுத்தினோவ் ஆகியோர் ஆழமான தன்குறியாக்கிகளைப் பயிற்றுவிக்கும் வழியைக் காட்டிய பின்னர் இத்துறை புத்துயிர் பெற்றது.

தோராயமாக்கலில் எழுந்த இடையூறு

கோப்பாகச் சேமிக்க, பிணையம் தரும் தசம எண்களை முழு எண்களாக மாற்ற வேண்டும். பின்பரவல் முறையோ சிறு மாற்றத்துக்கு விடை எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்தே கற்கிறது. 3.2, 3.3 இரண்டும் 3 ஆகிவிடும்போது விடையில் மாற்றமே இருக்காது. எனவே கற்றல் நின்றுவிடும். 2016 இல் பாலே, லப்பர்ரா, சிமோன்செல்லி ஆகியோர் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தனர். பயிற்சியின்போது முழு எண்ணாக்குவதற்குப் பதிலாகச் சிறிதளவு தற்செயல் இரைச்சலைச் சேர்ப்பதே அது. இதனால் கோப்பின் அளவையும் படத்தின் இழப்பையும் ஒருசேரக் குறைக்கும்படி பிணையம் முழுவதையும் பயிற்றுவிக்க முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கூகுளைச் சேர்ந்த தோதெரிச்சி குழுவினர் மீள்வருப் பிணையங்களைக் கொண்டு படங்களைச் சுருக்கினர்.

நம்பகத்தன்மை

2020 இல் மென்சர் குழுவினர் ஆக்கமுறைப் பிணையங்களைப் படச் சுருக்கத்தில் பயன்படுத்தினர். இத்தகைய பிணையம், விடப்பட்ட புல், தலைமுடி போன்றவற்றின் நுணுக்கங்களைத் தானே வரைந்து நிரப்புகிறது. படம் தெளிவாகத் தோன்றும். ஆனால் அந்நுணுக்கம் மூலப்படத்தில் இருந்ததுதானா என்பது உறுதியன்று.

இதன் தீவிரத்தை உணர்த்தும் நிகழ்வு ஒன்று 2013 இல் செருமனியில் வெளிப்பட்டது. கட்டட வரைபடம் ஒன்றை நகலெடுத்தபோது, 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறையின் பரப்பு நகலில் 14.13 என மாறியிருந்ததைக் கணினியியலாளர் தாவித் கிரீசல் கண்டறிந்தார். அக்கருவியில் இருந்தது நரம்பியல் பிணையமன்று. ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கும் பழைய சுருக்கமுறையே. ஆயினும் பாடம் பொதுவானது. மங்கிய எண்ணைப் பார்ப்பவர் ஐயம் கொள்வார். தெளிவாக இருக்கும் தவறான எண்ணை எவரும் ஐயுறுவதில்லை. மருத்துவப் படங்களிலும் நீதிமன்றச் சான்றுகளிலும் இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

தரப்படுத்தலும் இன்றைய நிலையும்

நரம்பியல் பிணையத்தை அடிப்படையாகக் கொண்ட ஜேபெக் ஏஐ தரத்தின் முதற்பகுதி 2025 இல் வெளியிடப்பட்டது. எனினும் இம்முறைக்குப் பழைய ஜேபெக்கைவிடப் பல மடங்கு கணிப்பு தேவைப்படுகிறது. மேலும், சுருக்கும் கணினிக்கும் விரிக்கும் கணினிக்கும் இடையே தசமக் கணக்கில் சிறு வேறுபாடு நேர்ந்தாலும் சிலவேளை படம் முழுவதும் சிதைந்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, முழு எண்களை மட்டும் கையாளும் பிணையங்களும் உருவாக்கப்பட்டுள்ளன. இக்காரணங்களால், மிகவும் எளிமையானது எனக் கருதப்பட்ட கோசைன் உருமாற்றமே அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இணையத்திலும் கைப்பேசிகளிலும் பரவலாகப் பயன்பட்டு வருகிறது.