மாலுமி செய்யாத மாலுமிப் பெட்டி

எண்கோண வடிவில் இரண்டு மரப்பெட்டிகள், நடுவே கீல், மேலே கண்ணாடி. உள்ளே பூவும் இதயமுமாக ஒட்டிய குட்டிக் குட்டிச் சிப்பிகள். சிலவற்றில் 'என்னை மறவாதே' என்ற எழுத்தும் சிப்பியிலேயே! இதன் பெயர் 'மாலுமியின் வாலன்டைன்'. நடுக்கடலில் பொழுதுபோகாத மாலுமி காதலிக்காகச் செய்தது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்.

ஒரு பெட்டியைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது சிப்பிகளுக்கு அடியில் இருந்ததோ பார்படோஸ் செய்தித்தாள் (ஆமாம், நம்ம கிரிக்கெட் பார்படோஸ்தான்). 1961இல் ஜூடித் கூலிட்ஜ் ஹியூஸ் இதை எழுதினார். வேறு சில பெட்டிகளில் பிரிட்ஜ்டவுன் நகரத்து பெல்கிரேவ் கடையின் சீட்டு. ஆக, 19ஆம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு!

செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள் என்கிறார்கள். பி.காம். படிக்கும் எனக்கு இதுதான் உறுத்துகிறது... விற்றவர் பெயர் சீட்டில் இருக்கிறது. நிறம் பிரித்து ஒட்டியவள் கணக்கிலேயே வரவில்லை. இன்று இவை ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன, இன்னும் மாலுமி பெயரிலேயே.