தோட்டத்துப் படவேன் முதல் ஸ்லைடு வரை

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த கதை வரும்.

1946-இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கியது. அவசரகாலத்தில் (1948-1960) தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டங்களுக்குப் படம் கொண்டுபோயின. 16 மி.மீ. ஃபிலிமில் வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடும். ஒலித்தடமோ தன் படத்துக்கு 26 கட்டம் முன்னால் அச்சாகியிருக்கும். ஏன்? படம் விளக்கின் முன் நின்று நின்று நகர வேண்டும், ஒலி சீராக ஓட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்காது. இடையில் விடும் ஃபிலிம் வளையம் கூடினாலோ குறைந்தாலோ உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்!

1972-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இணைப்பு வேலை ஒளிபரப்பு நிலையத்தோடு முடிந்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த வேலை நம் கைக்கே திரும்பியது. குரல் சிலாங்கூர் ஆற்றைச் சொல்லும்போது திரையில் புக்கிட் மெலாவத்தி நின்றால், கைப்பேசியில் தனியாகப் படிக்கும் பிள்ளை யாரைக் கேட்கும்? சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வந்தால்தான் நன்றாகப் பதியும் என்பது ரிச்சர்ட் மேயரின் ஆய்வு முடிவு.

வழி எளிது. முழுப் பாடத்துக்கும் ஒரே ஒலிப்பதிவு வேண்டாம், ஸ்லைடுக்கு ஒன்றாகப் பதியுங்கள். ஓர் இடத்தில் பிசகினாலும் அடுத்த ஸ்லைடில் சரியாகிவிடும்.

மாணவர்களே, 1946, 1948, 1972, 2020 ஆகிய ஆண்டுகளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். கருவி மாறியும் சிக்கல் மாறாததை எழுதுங்கள். அதுதான் வரலாற்று விடை.