உரிமையும் கடமையும்: ஆப்பிரிக்க ஒன்றியமும் அமைதி காத்தலும்

ஓர் அமைப்பின் வரலாற்றை அதன் மாநாடுகளைக் கொண்டு எழுதுவது வழக்கம். மொழியியல் பயின்றவன் என்ற முறையில், அதன் சாசனச் சொற்களைக் கொண்டு எழுத இங்கு முயல்கிறேன். ஒரு கண்டத்தின் அமைதியைக் காக்க வட்டார அமைப்பால் இயலுமா என்னும் வினாவிற்கு, ஆப்பிரிக்காவின் அறுபதாண்டுப் பட்டறிவு தெளிவான விடை தருகிறது.

1963 மே 25ஆம் நாள், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தோற்றுவித்தன. உறுப்பு நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடாமை அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அன்று அதற்கு நியாயம் இருந்தது. நேற்றுவரை அயலார் ஆட்சியில் வாடிய நாடுகள், மற்றொருவர் தம் வாயிலைக் கடப்பதை விரும்பவில்லை. 1964இல் கெய்ரோவில் கூடிய தலைவர்கள், விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்பதெனவும் தீர்மானித்தனர். அவை ஒரே மொழி பேசும் மக்களைக் கூறுபோட்ட எல்லைகள்தாம். எனினும் அவற்றைத் திருத்தப் புகுந்தால் போருக்கு முடிவிராது என அஞ்சினர்.

நாடுகளுக்கிடையே ஓரளவு அமைதி காத்த அக்கொள்கை, நாட்டுக்குள் துன்புற்ற மக்களைக் காக்கவில்லை. உகாண்டாவில் இடி அமீனின் கொடுங்கோன்மை நடந்த காலத்திலேயே, 1975இல், அவ்வமைப்பின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ 100 நாள்களில் 800,000 பேர் கொல்லப்பட்டனர். ஐக்கிய நாடுகள் அமைப்பு அங்கிருந்த தன் படையைக் குறைத்துக்கொண்டது. ஆப்பிரிக்க அமைப்பாலும் அக்கொலைகளைத் தடுக்க இயலவில்லை.

அந்தக் குற்றவுணர்வின் நிழலில் பிறந்ததே ஆப்பிரிக்க ஒன்றியம். அதன் அமைப்புச் சட்டம் 2000இல் டோகோ நாட்டின் லோமே நகரில் ஏற்கப்பட்டது. 2002இல் டர்பனில் ஒன்றியம் செயற்படத் தொடங்கியது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவை மாணவர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். எந்த உறுப்பு நாடும் மற்றொன்றின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்கிறது ஓர் உட்பிரிவு. போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்திற்கு எதிரான குற்றம் ஆகியவை நிகழுமிடத்து, பேரவையின் முடிவுப்படி தலையிட ஒன்றியத்திற்கு உரிமை உண்டு என்கிறது அதற்கு அடுத்த உட்பிரிவு. எழுவாய் மாறியதும் பொருளும் மாறியது. தனித்த நாட்டுக்கு மறுக்கப்பட்டது, ஒன்றுகூடிய நாடுகளுக்கு அளிக்கப்பட்டது. 'தலையிடாமை' இருந்த இடத்தில் 'பாராமுகமின்மை' வந்தது எனப் பலரும் இதனைப் போற்றினர்.

ஆயினும் சட்டம் கூறுவது 'உரிமை', 'கடமை' அன்று. முடிவெடுக்கும் பேரவையும் நாட்டுத் தலைவர்களின் அவையே. இதன் விளைவு புருண்டியில் வெளிப்பட்டது. அதிபர் மூன்றாம் முறை போட்டியிட முனைந்ததால் 2015இல் அங்கு வன்முறை மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஒன்றியத்தின் அமைதி பாதுகாப்பு மன்றம் 5,000 வீரர்களை அனுப்ப இசைந்தது. புருண்டி மறுத்தது. அடுத்த மாதம் கூடிய தலைவர்கள் படையை அனுப்பாமல் தூதுக்குழுவை மட்டும் அனுப்பினர். தம் நாட்டுக்கும் நாளை இது நேரலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லாதிருந்திருக்குமா?

காம்பியாவில் நிகழ்ந்தது வேறு. 2016 டிசம்பர்த் தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜாம்மே பதவி விலக மறுத்தார். அவரை இனி அதிபராக ஏற்பதில்லை என ஒன்றியம் அறிவித்தது. 2017 ஜனவரியில், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எக்கோவாஸின் படை எல்லையைக் கடந்தது. சில நாள்களில் ஜாம்மே நாட்டை விட்டு வெளியேறினார். அண்டை நாடான செனகலின் உறுதி, வென்ற வேட்பாளரின் அழைப்பு, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் அரசியல் ஆதரவு ஆகியவை ஒருங்கே அமைந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். அதே எக்கோவாஸிலிருந்து மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரியில் விலகின. கூட்டுறுதி குலைந்தால் அமைப்பும் தளரும்.

பொருள்வலியும் வேண்டும். 2007 முதல் சோமாலியாவில் பணியாற்றிய ஒன்றியத்தின் படை, ஒரு கட்டத்தில் 20,000 வீரர்களைத் தாண்டியது. தலைநகர் மொகடிஷுவை மீட்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. உயிர் கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கர். படிப்பணத்தில் பெரும்பகுதியை வழங்கியது ஐரோப்பிய ஒன்றியம். பிறர் பணத்தில் நிற்கும் காவலுக்குப் பிறர் விருப்பமே எல்லையாகிவிடும்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 2007இல் சிங்கப்பூரில் கையெழுத்தான ஆசியான் சாசனத்திலும் தலையிடாமைக் கொள்கை உண்டு. ஆப்பிரிக்கா சேர்த்துக்கொண்ட அந்த அடுத்த உட்பிரிவு அதில் இல்லை. அவ்வுட்பிரிவு மட்டுமே அமைதி தராது என்பதற்குப் புருண்டி சான்று. எனினும் அது எழுதப்பட்ட பின்னர், வாளாவிருக்கும் தலைவர்களிடம் காரணம் கேட்க மக்களுக்கு ஒரு சட்டச்சொல் கிடைத்தது. ருவாண்டா மக்களுக்கு 1994இல் அதுவும் இருக்கவில்லை.