பின்இருசுக்குள் ஒளிந்திருந்த ஆபத்து

வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம். ஆனால் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லாமல், பின்இருசுக்குள் இருந்த ஒரு வளையம் நொறுங்கியதால் கால் பிரேக் அடியோடு போய்விட்ட வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் விற்பனையான ஃபோர்டு 'மாடல் டி' அத்தகையது. 1925இல் 281 டாலர் விலையில் வந்த அதன் பிக்கப் வண்டியும் அப்படியே.

அதில் மூன்று மிதிகள் இருந்தன. வலதுகோடியில் இருந்த பிரேக் மிதி சக்கரத்தைத் தொடுவதேயில்லை! கியர்பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டை இறுக்கும், அவ்வளவுதான். அந்த இறுக்கம் நீள்தண்டு, பினியன், கிரவுன் சக்கரம், இருசு எனக் கடந்துதான் பின்சக்கரங்களை அடைய வேண்டும். முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது.

கிரவுன் சக்கரம் பினியனை விட்டு விலகாதபடி காத்து நின்றவை, டிபரன்ஷியல் கூட்டின் இருபக்கமும் இருந்த வளையங்கள். அவற்றைப் பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையால் செய்தார்கள். மலிவானது, எளிதில் வார்க்கலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெடித்து உதிரும். உதிர்ந்தால் கிரவுன் விலகும். பல்லோடு பல் பொருந்தாது. எஞ்சின் இழுக்காது என்பது சிறிய தொல்லை. பிரேக்கும் பிடிக்காதே! அவசரத்தில் சிலர் நாடும் ரிவர்ஸ் மிதியும் அதே பாதையைச் சார்ந்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 9,80,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதைத் தாங்க மிஞ்சியது கைப்பிரேக் ஒன்றே. வண்டியை நிறுத்தி வைப்பதற்கான அதில் 1925 வரை லைனிங்கூட இல்லை. இரும்போடு இரும்பு உரசியது.

1928 மாதிரியான 'மாடல் ஏ'யில் ஃபோர்டு நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தது. திரவ பிரேக்குக்கு 1939ஆம் ஆண்டு மாதிரிகள் வரை காத்திருந்தது. டூசன்பர்க் 1921இலேயே அதை நான்கு சக்கரங்களிலும் பொருத்திவிட்டது என்பதை நினைத்தால், இந்தத் தாமதத்துக்குச் சிக்கனத்தைவிடப் பிடிவாதமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றும் 'மாடல் டி' ஓட்டும் ஆர்வலர்கள் உண்டு. பழைய வண்டி கைக்கு வந்ததும் அவர்கள் பின்இருசைப் பிரித்து, வெண்கல வளையங்களைப் போடுகிறார்கள். சிலர் பின்சக்கர உருளைகளையே நேராகப் பிடிக்கும் தனி பிரேக்கும் சேர்க்கிறார்கள். வடித்த எண்ணெயில் சாம்பல்நிறத் துகள் மின்னினால் வளையம் உதிரத் தொடங்கிவிட்டது என்று ஐயப்படலாம். துகள் இல்லை என்பதால் மட்டும் வண்டியை மலைப்பாதையில் இறக்கிவிடக்கூடாது. இருசைப் பிரித்தால்தான் வளையம் தெரியும்.