மழலைக்குக் காத்திருந்த நகரியம்

தென்னார்க்காடு ஜில்லாவில், விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் இடையே செம்மண்ணும் முந்திரித் தோப்பும் மானாவாரிக் கொல்லையுமாகக் கிடந்த பிரதேசத்தில், 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது ஊற்றுநீரோடு கரிய துகள்கள் மேலே வந்தன என்பதும், அதை அவர் அரசாங்கத்தாரின் கவனத்துக்குக் கொண்டுவந்ததோடு பின்னர் 600 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் வழங்கினார் என்பதும் நெய்வேலியில் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் வரலாறு. 1956 நவம்பர் 14 அன்று, நேருவின் பிறந்த நாளில், பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. அடுத்த ஆண்டு மே 20 அன்று நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கிற்று. இவையெல்லாம் ஆண்டு விழா மலர்களில் உள்ளன. அந்த மலர்களில் இடம்பெறுவதற்கு நியாயமில்லாத இன்னொரு சரித்திரமும் அவ்வூருக்கு உண்டு: இரண்டு வயது கடந்தும் 'அம்மா' என்று சொல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகரியத்துக் குவார்ட்டர்ஸ் வீடுகளில் நாள் எண்ணிய குடும்பங்களின் சரித்திரம்.

நகரியம் எழுவதற்கு முன்பு அவ்வட்டாரத்துக் கிராமங்களில் பேச்சு வராத பிள்ளை என்பது தாய் தகப்பனின் தனிக் கவலையாக இருந்ததில்லை. பாட்டி, அத்தை, சித்தி, எதிர்வீட்டுப் பெரியம்மா என்று அபிப்பிராயம் சொல்லப் பாத்தியதை பெற்றவர்கள் பலர் இருந்தனர், அவர்களுள் ஒருத்தியேனும், "அவன் தாத்தா நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு, அப்புறம் மூட வைக்க முடிஞ்சுதா?" என்று கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிடுவாள். வைத்தியம் வசம்பு. விளக்கு வைத்த பின் பெயரை உச்சரிக்கலாகாது என்ற கட்டுப்பாட்டினால் 'பேர் சொல்லா மருந்து' என்றும், சிசுக்களுக்கே உரியதாதலால் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் வழங்கப்பெற்ற அவ்வேரை, எண்ணெய் விளக்கின் சுடரில் கருகும் வரை காட்டி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, அந்தக் கரிய விழுதை விரலால் தொட்டு நாக்கின்மேல் தடவுவார்கள். நாக்குத் தடிப்பு நீங்கிச் சொல் திருந்தும் என்பது நம்பிக்கை. வசம்புத் துண்டுகளைக் கோத்து வளையலாக மணிக்கட்டில் பூட்டுவதும் உண்டு.

இன்றைய குழந்தை வைத்தியர்கள் இதை விரும்புவதில்லை. அவ்வேரின் எண்ணெயில் உள்ள அசரோன் என்னும் சத்து தீங்கு பயப்பது என்று கண்டு, அமெரிக்க அரசாங்கத்தார் 1968இலேயே அதை உணவுப் பொருள்களில் சேர்க்கலாகாது என்று தடுத்துவிட்டனர். ஆயினும் மூடப் பழக்கம் என்ற ஒரே சொல்லில் அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மருந்து தடவும் சாக்கில் பாட்டி பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய், "எங்க ராசா எங்க, நாக்க நீட்டு, ஆ காட்டு" என்று கால் மணி நேரம் ஓயாமல் பேசினாள்; நடுநடுவே பிள்ளை ஏதேனும் ஒலி எழுப்பாதா என்று நிறுத்திப் பார்த்தாள். வசம்பினால் ஆகாத காரியத்தை அந்தப் பேச்சும் அந்தக் காத்திருப்பும் ஓரளவு செய்திருக்கக் கூடும்.

வைத்தியம் பலிக்காவிடில் கோயில். பேசாத பிள்ளை பேசிய ஐதிகங்களுக்கு அந்தச் சீமையில் பஞ்சமே இல்லை. அண்மையிலுள்ள சிதம்பரத்தில்தான், ஈழத்து அரசனின் ஊமைப் பெண் மாணிக்கவாசகரின் சந்நிதியில் வாய் திறந்து பௌத்தர்களின் வினாக்களுக்கு விடை சொன்னாள் என்று திருவாதவூரர் வரலாறு கூறுகிறது; அவ்விடைகளே திருச்சாழல் ஆயின என்பர். கொள்ளிடத்தைத் தாண்டினால் சீகாழி. அங்கே மூன்று வயதில் பதிகம் பாடிய ஞானசம்பந்தரின் கதையைக் கேளாத தாய் இல்லை. தெற்கே ஸ்ரீவைகுண்டத்தில் 17ஆம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை ஊமையாக இருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் வாக்குப் பெற்றார் என்றும், ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக வீற்றிருந்தார் என்றும் சொல்வார்கள். இவற்றுள் குமரகுருபரரின் கதையே என்னை மிகவும் ஈர்ப்பது. ஏனெனில் மழலைப் பருவத்தை ஊமையாகக் கழித்தவர் என்று கூறப்படும் அவரே, பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையில் மதுரை மீனாட்சிக்கு ஒன்றும் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்றுமாகப் பாடி, குழந்தையின் ஒவ்வொரு பருவத்தையும் திங்கள் கணக்கில் கொண்டாடும் அந்த மரபுக்குச் சிகரம் வைத்தார்.

இந்தக் கதைகள் எத்தனை ஆயிரம் தாய்மார்களுக்கு ஆறுதலாயின என்று சொல்ல இயலாது. குழலும் யாழும் மழலைக்கு ஈடாகா என்று பாடிய திருவள்ளுவரைவிட, பேசாத பிள்ளையின் தாய்க்கு நம்மாழ்வாரே நெருங்கிய துணை என்று நினைக்கிறேன். ஆனால் ஆறுதலுக்கு ஒரு விலையும் இருந்தது. தாமதமாகப் பேசிய மகானின் கதையை மட்டுமே ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. காது கேளாமையால் பேச்சே வராமற்போய், ஆடு மேய்க்கும் வேலையோடு வாழ்வை முடித்துக்கொண்ட பிள்ளையின் கதையை யாரும் புராணமாக எழுதவில்லை. அவனுக்கு 'ஊமையன்' என்பதே பெயராகிவிட்டது.

நிலக்கரிக்காக ஊர்கள் பெயர்ந்தன. வட்டம் வட்டமாக, ஒழுங்கான சாலைகளும் வேப்ப மர நிழலும் கொண்ட நகரியம் எழுந்தது. உத்தியோகத்துக்கு ஏற்ற தரத்தில் வீடு. வீட்டுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி, பிள்ளைகள். தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மட்டுமன்றி மலையாளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒரே தெருவில் குடியேறினர். 1960களில் ருஷ்ய நிபுணர்களும் அங்கே தங்கியிருந்தனர். ஊரில் இருந்த பாட்டிக்குக் கடிதம் எழுதலாம், பிள்ளையைக் காட்ட முடியாது. கிராமத்தில் பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட கவலை, இங்கே புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் விட்டு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் இறங்கிற்று.

அந்த வீட்டின் பகற்பொழுதை எண்ணிப் பாருங்கள். கணவன் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறான். சுரங்கத்தில் ஜெர்மானிய இயந்திரங்களின் ராட்சதச் சக்கரங்கள் மண்ணை வெட்டி வாரும் பேரோசையில் இராப்பொழுதைக் கழித்தவனுக்கு உறக்கம் வேண்டும். ஆகவே ஜன்னல் சாத்தப்பட்டிருக்கிறது, வானொலி மூடப்பட்டிருக்கிறது, பாத்திரங்கள் ஓசையின்றி வைக்கப்படுகின்றன. "ஷ், அப்பா தூங்கறாங்க" என்பதே அந்தப் பிள்ளை காலை முழுவதும் கேட்கும் வாக்கியம். அண்டை வீட்டு அம்மாள் மலையாளத்தில் கொஞ்சுகிறாள். மேல்வீட்டுக் குழந்தைகள் தெலுங்கில் விளையாடுகின்றன. ஷிப்ட் வாழ்க்கையினால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமைதியான வீட்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் உரிய காலத்தில் பேசிவிடுகின்றன. ஆனால் ஏற்கெனவே சொல்லுக்குத் தடுமாறும் பிள்ளைக்கு அந்த அமைதி துணை செய்யவில்லை என்பதோடு, பேச்சு வராததை நெடுநாள் கவனிக்கவிடாமலும் செய்தது. சத்தம் போடாத பிள்ளை அந்த வீட்டில் சமர்த்துப் பிள்ளையல்லவா?

பாஷைகளின் கலப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் மற்றொன்று என்று இருந்தால் பிள்ளை குழம்பிப் பேச்சு தாமதப்படும் என்று அக்காலத்தில் படித்தவர்களே உறுதியாக நம்பினர். ஒரே மொழியில் பேசுங்கள் என்று வைத்தியர்களும் உபதேசித்தனர். அதைக் கேட்டுத் தன் தாய்மொழியையே பிள்ளையிடம் பேசாமல் நிறுத்திக்கொண்டு, சரளமாக வராத அயல்மொழியில் நாலு சொற்களை எண்ணி எண்ணிப் பேசிய தாய்மார்கள் பலர். இரண்டு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை என்பதே இன்றைய நிபுணர்களின் கருத்து. தாய்க்கு இயல்பாக வரும் மொழியைப் பறிப்பதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு வேறில்லை.

இவ்வாறு பாட்டியை இழந்த நகரியம், அதற்கு ஈடாக ஒன்றைப் பெற்றிருந்தது: நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரி. நிறுவனத்தின் பொது மருத்துவமனையில் ஊழியர் குடும்பத்துக்கு வைத்தியம் உண்டு, தடுப்பூசிக்குப் போன இடத்திலேயே, "இன்னும் பேசலியா?" என்ற கேள்வி எழுந்தது. கிராமத்திலே காதைச் சோதிக்க ஒரு வழிதான் தெரியும். பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டுவது. பிள்ளை திரும்பிவிட்டால் செவியில் குறையில்லை என்று தீர்மானித்துவிடுவார்கள். தாம்பாளத்தின் ஓசையோ மனிதர் பேச்சைவிடப் பன்மடங்கு பலமானது. சகரம் போன்ற மெல்லிய ஒலிகளைப் பற்றிக்கொள்ளாத செவிக்கும் அது எட்டிவிடும். முற்றும் கேளாத பிள்ளையும் தரையின் அதிர்வையோ தட்டுபவரின் நிழலையோ உணர்ந்து திரும்பும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் வேரூன்றிய நம் நாட்டில் பிறவிச் செவிடு அரிதல்ல. அதைத் தாம்பாளத்தை நம்பித் தவறவிட்ட குடும்பங்களும் அரிதல்ல.

செவியையும் பேச்சையும் சேர்த்து ஆராயும் சாஸ்திரமே நம் தேசத்தில் இளையது. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி பழம்பெருமை உடையது; ஆயினும் பேச்சுக்கும் செவிக்குமான அகில இந்திய நிறுவனம் மைசூரில் தோன்றியது 1965இல்தான். சென்னையில் பாலவித்யாலயா 1969இல் தொடங்கி, பள்ளி வயது வருவதற்கு முன்பே, தாயையும் உடன் அமர்த்திக்கொண்டு, செவிப்புலன் குறைந்த சிறு பிள்ளைகளுக்குப் பேசப் பயிற்றும் வழியைக் காட்டிற்று. நெய்வேலிக் குடும்பங்களுக்கு அருகில் இருந்தது புதுவை ஜிப்மர். 1985க்குப் பின் அண்ணாமலைநகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. விடியற்காலைப் பேருந்தில் தயிர்சாதமும் மாற்றுச் சட்டையுமாகப் புறப்பட்டு, தலையில் கம்பிகளை ஒட்டிச் செய்யும் 'பெரா டெஸ்ட்'டுக்காகப் பிள்ளையை உறங்க வைக்க வராந்தாவில் மேலும் கீழும் நடந்த தகப்பன்மார்கள் அநேகர்.

செவி நன்றாயிருக்கிறது என்று தெரிந்த பின்தான் மற்றைய காரணங்களைத் தேட முடியும். சிலருக்கு அறிவு வளர்ச்சியில் தாமதம், சிலருக்கு இன்று ஆட்டிசம் என்று அறியப்படும் நிலை. இன்னும் சிலருக்குக் காரணம் ஒன்றுமே அகப்படாமல், மூன்று வயதில் மடை திறந்ததுபோல் பேச்சு வந்துவிடும். பாட்டியின் வாக்கு பலிப்பது இந்தக் கடைசி வகையினரிடத்தில். பிள்ளை எவ்வகை என்பதை முன்கூட்டிச் சொல்ல அவளிடம் சாதனம் இருந்ததில்லை. காதைச் சோதித்துவிட்டுக் காத்திருப்பது பொறுமை, சோதிக்காமல் காத்திருப்பது சூதாட்டம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

'ஸ்பீச் தெரபி' என்ற சொல் நகரியத்து வீடுகளில் புழங்கத் தொடங்கிய பிறகு, அது ஏதோ இயந்திரத்தால் செய்யும் வித்தை என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்துதான் போனார்கள். பிஸ்கட் டப்பாவைப் பிள்ளை பார்க்கும்படி உயரத்தில் வை. அது கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்துவிடாதே. அதன் கண்ணுக்கு நேரே குனிந்து 'பிஸ்கட்' என்று ஒரு தரம் சொல். பிறகு பேசாமல் இரு. 'பி' என்று வந்தாலும் போதும், கொடுத்துவிடு. குளிக்க வைக்கும்போது 'கை', 'கால்', 'தண்ணி'. சோறூட்டும்போது 'சூடு', 'இன்னும்', 'போதும்'. தாய்க்குக் கடினமானது பேசுவதன்று, அந்தச் சில விநாடிகள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது. பிள்ளையின் மனத்தை அவள் முன்னமேயே அறிந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துப் பழகியவள். அறியாதவள்போல் நடிப்பது அவளுக்குக் கொடுமையாக இருந்தது. அதைக் கண்டு பொறுக்காத அக்கம்பக்கத்தார், "குழந்தையை ஏங்க வைக்கிறியே" என்று கடிந்துகொண்டதும் உண்டு.

சட்டம் மெதுவாக வந்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளையே கணக்கில் கொண்டது. பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு தனி வகையாக இடம்பெற்றது, 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கே வைத்தியக் குழு வந்து வளர்ச்சித் தாமதத்தைச் சோதிக்கிறது. இது நகரியத்துக்கு வெளியிலுள்ளவர்களுக்கே பெரும் உபகாரம். ஏனெனில் நிரந்தர ஊழியரின் பிள்ளைக்குக் கிட்டிய வசதி, அதே சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைத்த சுற்றுக் கிராமத்தாரின் பிள்ளைக்கு அத்தனை சுலபமாக எட்டியதில்லை. செவி அறவே கேளாத சிறு பிள்ளைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவின்றிக் கிடைக்கிறது. அதற்கும் பிள்ளைக்கு வயது ஏறிவிடுவதற்குள் வந்து சேர வேண்டும்.

நகரியத்தின் முதல் தலைமுறை ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டது. பலர் சொந்த ஊருக்குத் திரும்பாமல் வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் வீடு கட்டிக்கொண்டனர். தனியாக இருந்து பிள்ளை வளர்த்த அந்தப் பெண்கள் இப்போது பாட்டிமார்கள். ஆக, இரண்டு பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் பாட்டி திரும்பக் கிடைத்துவிட்டாள். "வசம்பு ஒரு தரம் போட்டுப் பாரேன்" என்று சொல்பவரும் அவர்களில் உண்டு, "ஏம்மா, காது டெஸ்ட் பண்ணியாச்சா? இல்லேன்னா பாண்டிக்குப் போய்ட்டு வந்துடுவோம், நானும் கூட வரேன்" என்று மருமகளிடம் சொல்பவரும் உண்டு. மருமகள் கைப்பேசியில் எதையோ காட்டி, "ரெண்டரை வயசு வரைக்கும் பாக்கலாம்னு போட்டிருக்கு அத்தை" என்கிறாள், மாமியார் ஒப்பவில்லை. மகனுக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டு, அதற்கேற்ப நாள் குறிக்கிறார்கள்.