மன்னார்க் கரையும் கலைப்பாடலும்

1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கும் வரையில், அரை நூற்றாண்டுக் காலம் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வருவோரின் பெருவழியாக அதுவே விளங்கியது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் கொழும்பு நகரத்துச் சபைகளுக்கும் அழைக்கப்பட்ட நாதசுர வித்துவான்களும் பாடகர்களும் பலர் இவ்வழியாகவே வந்தனர். தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலை விட்டிறங்கிப் புகைவண்டி ஏறினர்; பேசாலையையும் மாதோட்டத்து வயல்களையும் கடந்து சென்றனர். வண்டி மன்னாரில் நின்றது, இசை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வயலுழுதும் வாழ்ந்த இக்கரை மக்களுக்கு உயர்ந்த இசையை நுகரும் செவி இல்லை என்று சிலர் விடை கூறுவர். இன்றுங்கூட, இசை பயின்ற இளைஞர் சிலரைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று ஒரு கச்சேரி நடத்தும்போது, 'பாமர மக்களின் இரசனையை வளர்த்தல்' என்றே அம்முயற்சிக்குப் பெயர் சூட்டப்படுகிறது. வளர்க்கவேண்டியது யாருடைய இரசனை என்பதே நம் கேள்வி. வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின், இக்கரைக்குக் கலைப்பாடல் புதிதன்று என்பதும், இடைக்காலத்தில் மூடப்பட்டவை மக்களின் செவிகளல்ல, மண்டபங்களின் கதவுகளே என்பதும் தெளிவாகும்.

கலைப்பாடல் என்று நாம் இங்கே குறிப்பது, புலவன் யாத்த சொல்லைப் பண்ணிலும் தாளத்திலும் அமைத்துப் பயிற்சி பெற்ற குரல் பாடும் பாட்டை. அப்பொருளில் நோக்கினால், நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கலைப்பாடல்களுள் தேவாரப் பதிகங்கள் முதன்மையானவை. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் பதிகம் ஒன்றும் சுந்தரர் பதிகம் ஒன்றும் உண்டு. இருவரும் கடலைக் கடந்து வரவில்லை, இராமேச்சுரத்தில் நின்றே பாடினர் என்பது மரபு. பாடகர் வராமலே பாட்டு வந்து சேர்ந்த கரை இது!

சம்பந்தர் சிறுவயதிலேயே பாடத் தொடங்கியவர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவருடைய பாட்டை யாழில் இசைத்து ஊர்தோறும் உடன் சென்றவர், பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும். அந்தணச் சிறுவன் ஒருவனும் தாழ்ந்த குலமெனப்பட்ட இசைக்கலைஞர் இருவரும் கூடி, மக்களறிந்த தமிழில், மக்கள் கூடிய இடங்களில் பாடினர். பக்திப் பாட்டு நாடெங்கும் பரவியதற்கு இச்சேர்க்கை ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை. தலைமுறைகள் கடந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் இராசராசன் நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான் என்று கல்வெட்டு உரைக்கின்றது. அதே சோழராட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்பவன் அங்கே இராசராச ஈச்சுவரம் எடுத்தான். வழியெல்லாம் பாடப்பட்ட பாட்டு அரசின் நெல்லில் வாழும் பாட்டாயிற்று. அதனால் அது காப்பாற்றப்பட்டது; அதனாலேயே கோயிற் சுவருக்குள் அடங்கியும் போயிற்று. சுவருக்குள் நுழையும் உரிமை எல்லார்க்கும் இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தனர். முத்துக்குளித்துறையில் சமயம் பரப்பிய சவேரியார் கையாண்ட முறை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. அவர் கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். தமிழில் பெயர்க்கப்பட்ட செபங்களை அவர்களுக்கு மனனம் செய்வித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு பணித்தார். பெரியோர்க்குச் சிறுவரே ஆசிரியராயினர். 1544இல் மன்னார் மக்களும் அச்சமயத்தைத் தழுவினர். அதற்காக யாழ்ப்பாண மன்னனின் வாளுக்கும் இரையாயினர். மறுபுறம், போர்த்துக்கேயர் ஆட்சியில் திருக்கேதீச்சரக் கோயில் இடிந்து மண்ணாயிற்று. ஒருவர் பாட்டை மற்றவர் வாளால் நிறுத்த முயன்ற காலம் அது. அதிகாரத்தின் நோக்கங்களை நாம் போற்றவில்லை. எனினும், இளையோர் வாயிலாக ஊரெங்கும் ஒலியைப் பரப்பலாம் என்ற பாடம் இக்கரையில் ஆழப் பதிந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டபோது அப்பாடத்தின் பயன் விளங்கிற்று. கோவையிலிருந்து, அதாவது கொங்கணக் கரையிலுள்ள அக்கோவா நகரிலிருந்து, 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார், பாடல்கள் யாத்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்பட்டு வந்தது. கோயிலும் குருவும் ஒளிந்து வாழ்ந்த நாட்களில் சமயத்தைச் சுமந்தது மக்களின் குரலே. அச்சிட்ட புத்தகம் அரிதாயிருந்த ஊர்களில் மனப்பாடமே நூலகமாயிற்று.

இந்த மண்ணிலேதான் மன்னார் நாடகம் தழைத்தது. மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் இருவகையாக அது வழங்குகின்றது. மூவிராசாக்கள் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் என்பன அவற்றுட் சில. கோயில் திருநாளுக்காகவோ நேர்த்திக்காகவோ ஒரு நாடகம் ஆடுவதென்று ஊர் தீர்மானித்தால், அண்ணாவியார் அழைக்கப்படுவார். பகலில் கடலிலும் வயலிலும் உழைத்த இளைஞர் இரவில் அவர் முன் கூடுவர். பெண் பாத்திரங்களையும் அவர்களே ஏற்பர். அவர் ஏட்டைப் பார்த்துச் சொல்ல, அவர்கள் கேட்டுப் பாடிப் பாடி மாதக்கணக்கில் பயில்வர். பள்ளிக்கூடம் காணாத இளைஞன் ஒருவன் நூற்றுக்கணக்கான அடிகளைத் தாளம் பிசகாமல் பாடும் வன்மை பெற்றது இப்பயிற்சியினாலேயே. விடியும்வரை விழித்திருந்து கேட்ட ஊரவர், எந்த விருத்தத்தை எவன் எப்படி எடுத்தான் என்று மறுநாள் வலை பின்னும்போது வாதிடுவர். இவர்களையா இரசனையற்றவர் என்பது?

இன்னுமொன்று. இந்நாடகங்களில் விருத்தமும் கொச்சகமும் தருவும் விரவி வருகின்றன. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) இயற்றிய இராம நாடகத்திலும் விருத்தமும் தருவும் உள. அந்நூற் பாடல்களே பிற்காலத்தில் கீர்த்தனைகளாகக் கச்சேரி மேடை ஏறின. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எந்த மதத்தவரும் பாடத்தக்கவை. ஆகவே, மன்னார் அண்ணாவியாரின் தருவும் சபை வித்துவானின் கீர்த்தனையும் அயலாரல்லர். ஒரே குடும்பத்திலிருந்து பாகம் பிரிந்தவர்கள்.

பாகப்பிரிவினை எப்போது நடந்தது? அரசவைகளும் சமீன்களும் தளர்ந்து, நகரத்து மத்தியதர வர்க்கம் கலையின் புரவலனாக எழுந்தபோது நடந்தது. 1928இல் சென்னையில் சங்கீத வித்துவத் சபை தோன்றிற்று. நுழைவுச் சீட்டும் நாற்காலியும் வந்தன. மேடையில் தெலுங்குக் கீர்த்தனை தலைமை பெற்றது. தமிழன் தமிழ்ப் பாட்டைக் கேட்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. மொழியின் கதவு ஓரளவு திறந்தது. ஆனால் மண்டபத்தின் கதவு? தமிழில் பாடினாலும் சீட்டு வாங்க இயலாதவன் வெளியிலேதான் நின்றான்.

இலங்கையிலும் இதே போக்கைக் காண்கிறோம். 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தொடங்கிற்று. படிப்படியாகத் தேர்வுகள் நடத்திக் கலாவித்தகர் பட்டம் வழங்கியது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கழகம் தோன்றிற்று. பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்நிறுவனங்களின் தொண்டு சிறிதன்று. குலத்தொழிலாகவும் செல்வர் வீட்டு அணிகலனாகவும் இருந்த இசையை அவை பாடசாலைக்குக் கொண்டுவந்தன. அங்கே கற்றவர்கள் வடபுலத்துப் பள்ளிகளில் இசையாசிரியராயினர். ஆயினும் கல்வி தேர்வுக்குள் சுருங்கிற்று. வினாத்தாளுக்காக இராக இலக்கணம் கற்ற மாணவி, தன் பாட்டியின் ஒப்பாரியிலும் தந்தையின் அம்பாப் பாட்டிலும் அதே சுரங்கள் நடமாடுவதைக் கேளாமலே சான்றிதழ் பெற்றாள். தேவாரம் ஒலித்த கோயில்களிலும் கதவு எல்லார்க்கும் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. பாட்டு எல்லார்க்கும் பொது என்று பாடுவது எளிது. கதவைத் திறப்பதே அரிது.

இப்பிரிவினையை மறுபக்கத்திலிருந்து தகர்க்க முயன்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் அவர் மன்னார் நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை அண்ணாவிமாரிடம் பயிலச் செய்து கூத்துகளை மேடையேற்றினார். நகரத்திலிருந்து கிராமத்துக்குப் 'பண்பாட்டை' ஏற்றுமதி செய்யாமல், கிராமத்தின் காலடியில் பட்டதாரியை அமர்த்தினார். விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கியமை பற்றிக் குறை கூறுவோர் உளர். எனினும், படித்த இளைஞன் உழைப்பாளியிடம் இசை கற்கலாம் என்று காட்டியது சிறு செயலன்று.

பின்னர்ப் போர் வந்தது. 1990இல் தலைமன்னார்ப் புகைவண்டி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்கள் ஒருசில நாட்களில் வெறிச்சோடின. 2008இல் போர் மடுவையும் மாதோட்டத்தையும் சூறையாடிற்று. ஊர் கலைந்தால் கலையும் கலையும். பாடுபவன் ஓரிடம், தாளம் போடுபவன் ஓரிடம், கேட்பவன் அகதி முகாமில் என்றானபின் எந்தப் பாட்டு நிலைக்கும்? 2015 மார்ச்சில் வண்டி மீண்டும் தலைமன்னார்வரை ஓடிற்று. தண்டவாளம் போட்டாயிற்று, குரல்களை இணைக்கும் பணி அவ்வளவு விரைவில் முடிவதன்று.

அப்பணியை எப்படித் தொடங்குவது? வேறு நாடுகளின் அனுபவம் சற்று உதவும். 1939இல் அமெரிக்கத் தலைநகரான வாசிங்டனில் மேரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு, அவர் நிறத்தைக் காரணமாக்கி, பெருமண்டபம் ஒன்று மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார்; 75,000 மக்கள் திறந்த வெளியில் கேட்டனர். நாட்டுப்பற்றுப் பாடலும் சூபர்ட்டின் கலைப்பாடலும் அடிமைகளின் வழிவந்த ஆன்மிகப் பாடலும் அன்று ஒரே குரலில் ஒலித்தன. நமக்கு அண்மையில், சென்னை ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊரில் 2015இல் தொடங்கிய விழாவைக் கூறலாம். டி. எம். கிருஷ்ணா முதலிய இசைக்கலைஞரும் சமூகத் தொண்டர்களும் குப்பத்து மக்களும் கூடி நடத்திய அவ்விழாவில் கருநாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. ஒரு விழாவால் சாதி ஒழிந்துவிடாது; மீனவரின் கடனும் தீர்ந்துவிடாது. ஆனால் யார் யாருடைய வாசலுக்குச் செல்லவேண்டும் என்ற கேள்வியை அது நேராக எழுப்பியது.

மன்னாருக்கும் இதுவே வழி. இசை பயின்ற நம் இளைஞர் பேசாலைக்கும் வங்காலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் முருங்கனுக்கும் செல்லட்டும். பாடசாலை முற்றத்திலும் கோயில் முன்றிலிலும் மீன்வாடி ஓரத்திலும் சீட்டில்லாமல் பாடட்டும். கேட்போர்க்குப் பொருள் விளங்கும் மொழியில் பாடட்டும். ஆனால் பாடுவதற்கு முன்பு ஒரு மாதமாவது அவ்வூர் அண்ணாவியாரிடம் அமர்ந்து ஒரு தருவையேனும் கற்கட்டும். தவக்கால ஒப்பாரியை முதிய பெண்களிடம் கேட்கட்டும். திரும்பிவந்த முஸ்லிம் மக்களின் வீடுகளில் எஞ்சியுள்ள பாட்டையும் கேட்கட்டும். அவர்கள் கொண்டுசெல்லும் கீர்த்தனையும் அங்கே கற்ற தருவும் ஒரே மாலையில் ஒலிக்குமாயின், பாகம் பிரிந்த குடும்பம் மீண்டும் ஒரு திண்ணையில் அமரும்.

இதனைச் செய்யவல்லவர் பெரிய வித்துவான்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே. பாட்டு இக்கரைக்கு வந்தபோதெல்லாம் இளையோர் தோளிலேயே வந்தது என்பதற்கு வரலாறு சான்று. வண்டி இன்று மீண்டும் மன்னாரில் நிற்கின்றது. இசையும் இம்முறை இறங்கட்டும்; இறங்கிப் பாடட்டும்; பாடுமுன் கேட்கட்டும்.